பழுப்பு போட்ட மாலை

உயிரோடு இருக்கிறவர்களை ஒரே அமுக்கில் மூதாதையர் ஆக்கிவிடும் வல்லமை கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. தேவாரம் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பழுப்பு. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. எந்தக் கலர் போட்டோவைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் கருப்பு வெள்ளையாக்கி, ஓரத்தைப் பழுப்பேற்றி, நாலு கீறலும் போட்டுத்தான் தருவார். பாஸ்போர்ட் போட்டோவுக்கும் அதே கதி. கோம்பைக்காரர் ஒருவர் விற்பதற்காகத் தன் நாய்க்குட்டியை இவரிடம் படமெடுத்துப் போனார். வாங்க வந்த ஆள் படத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், எப்பச் செத்துச்சு?" என்று கேட்டாராம்.

நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். ஆனால் வாழைத்தார் வியாபாரத்தில் என்னைத் தாண்டியவன் இந்தப் பக்கம் கிடையாது. வாடகை மாட்டுவண்டியில் தொடங்கியவனுக்கு இன்று சொந்த லாரிகள் ஓடுகின்றன. ஒரே குறை, வண்டியோட்டிய காலத்தில் என்னைப் படமெடுக்க ஆளில்லை. போன வருஷம் ஒரு அருங்காட்சியகத்தில் அதே மாதிரி வண்டியைக் கண்டதும் விடுவேனா? பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, மருமகனை போனில் எடுக்கச் சொன்னேன். தேனியில் திறக்கப்போகும் புதுக்கடையில் அதைப் பழைய படமாக மாட்ட ஆசை. பழுப்பிடம் கொடுத்தேன்.

"தொடாதீர்னு போர்டு நிக்குது, எடுத்திர்றேன். மாடு இல்ல, பூட்டிர்றேன். கையில வாட்ச்சு எதுக்குண்ணே?"

"துபாய் வாட்ச்சுப்பா, இருக்கட்டும்."

"அன்னைக்கு வண்டிக்காரனுக்கு ஏதுண்ணே துபாய்?"

வாட்ச் போயிற்று.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஃப்ரேம் வந்தது. பிரித்துப் பார்த்த என் சம்சாரம் அலறினாள். என் நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் மாலை!

நேராக ஸ்டுடியோவில் போய் நின்றாள். "ஏப்பா, அவுக குத்துக்கல்லாட்டம் இருக்காக, மாலையப் போட்டு அனுப்பிட்டியே! இது அங்கன தொங்குச்சுன்னா நான் விளக்கேத்த வர மாட்டேன்."

நானும் பின்னாலேயே ஓடி வந்திருந்தேன். அவள் கை விளக்கேற்றாமல் நான் எந்தக் கடையையும் திறந்தவனில்லை.

"பழைய படத்துல மாலை இல்லாமயா மதினி? வெறுங்கழுத்தா இருந்தா, சொந்தபந்தம் இல்லாதவர்னு நெனப்பாகளே" என்றார் பழுப்பு.

"மாலைய எடுத்தாலும் போய்ச் சேந்தவுக மூஞ்சியாத்தான் இருக்கு!" என்று அவள் விரலை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து பழுப்பு அவளை போனில் 'கிளிக்' செய்தார்.

மறுநாள் காலை புதுப் படத்தோடு கடைக்கே வந்தார். மாலையும் பொட்டும் போயிருந்தன. வண்டிக்குப் பக்கத்தில் நான். எனக்கு எதிரே என் சம்சாரம், விரலை நீட்டி வைதபடி.

"இனிமே எவனும் சந்தேகப்பட மாட்டான் மதினி. செத்தவர எந்தப் பொம்பள இம்புட்டு வைவா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விளக்கும் ஏற்றினாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கவனித்தேன். படத்தின் ஓரத்தில் தலைப்பாகையோடு ஒருவன் மாட்டுக் கயிற்றைப் பிடித்து நின்றான். சாட்சாத் பழுப்பு. குடும்பம், குட்டி என்று எதுவும் இல்லாத மனுஷன்.

"என்னப்பா இது?"

"மாட்டப் பிடிக்க ஆள் வேணும்லண்ணே" என்று தரையைப் பார்த்தார்.

கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், கயிற்றைப் பிடித்திருப்பது யாரென்று.

என் தம்பி என்று சொல்லுகிறேன்.