சராசரி ஆளுக்கு ஒரு மின்மிதிவண்டி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது அதற்கென்று ஒரு குழு அமைக்கப்படவில்லை. அந்த அவசரத்தின் பலனை உலகம் இன்றும் எல்லாச் சாலைகளிலும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. குடிநீர்ப் பரிசோதனை நிலையம் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஒரே ஒரு மின்மிதிவண்டி வாங்க மூன்று பேர் கொண்ட குழு, பதினான்கு கூட்டங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. சக்கரத்துக்குக் கிடைக்காத மரியாதை சைக்கிளுக்குக் கிடைத்தது.

இந்தப் பெருமைக்கு வித்திட்டவர் பாட்டில் அக்கா. அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல; வேலை வைத்த பெயர். விடிந்ததும் ஊரின் ஒன்பது தண்ணீர்த் தொட்டிகளுக்கும் சைக்கிளில் போவார். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பாட்டில் பிடிப்பார். ஐஸ் பெட்டியில் அடுக்கி நிலையத்துக்குக் கொண்டுவருவார். தண்ணீரில் கிருமி இருந்தால் வளர்ந்து முகம் காட்டட்டும் என்று அங்கே ஒரு வெதுவெதுப்பான அலமாரியில் வைப்பார்கள். பதினோரு மணிக்கு அலமாரியின் கதவு மூடப்படும். அதற்குப் பிறகு வருகிற தண்ணீர் கைகழுவத்தான் உதவும்.

ஆறு தொட்டிகள் இருந்தவரை வம்பில்லை. ஊர் வளர்ந்தது. மேட்டில் புதிதாக மூன்று கட்டினார்கள். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு, உயரம் நாலடி பத்து அங்குலம். மேட்டுக்கு மூச்சு வாங்காது, அக்காவுக்கு வாங்கியது. அந்த ஆண்டு இரண்டு முறை பதினோரு மணியைத் தாண்டிவிட்டார். மூன்றாவது முறை தாண்டினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது விதி. ஆகவே ஒரு விண்ணப்பம் எழுதினார்.

‘ஐயா, மேட்டுத் தொட்டிகளுக்குச் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. கரண்டில் ஓடும் சைக்கிள் ஒன்று வாங்கித் தரவும்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். படம் இருந்தால் புரியும் என்று நினைத்து ஒரு கடையின் துண்டுப் பிரசுரத்தையும் குத்தி வைத்தார். அதில் கொட்டை எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: ‘உங்கள் ஓட்டும் பாணிக்கு ஏற்ற மின்மிதிவண்டியைக் கட்டுப்படியாகும் விலையில் தேர்ந்தெடுங்கள்!’

இயக்குநர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு குழுவைக் கூட்டினார். குழுவில் அவர் தலைவர், தலைமைக் கணக்கர் உறுப்பினர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் வேதியியலாளர் செயலர்.

“ ‘உங்கள் ஓட்டும் பாணி’ன்னு போட்டிருக்கான். யாரோட பாணி?” என்றார் இயக்குநர்.

“வண்டி நிலையத்து பேர்ல வாங்கறோம் சார். அப்போ நிலையத்தோட பாணி” என்றார் கணக்கர்.

“நிலையத்துக்கு ஏதுய்யா பாணி?”

“எல்லாரையும் கேட்டு சராசரி எடுத்தா வந்துடும் சார்.”

வேதியியலாளர் கையைப் பாதி தூக்கினாள். “ஓட்டப்போறது அக்கா ஒருத்தங்கதானே சார்?”

மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அதனாலதாம்மா அவங்களைச் சேர்க்கக்கூடாது” என்றார் இயக்குநர் பொறுமையாக. “ஓட்டப்போறவங்க தனக்கு வசதியா பதில் சொல்லிட்டா? ஆய்வோட நடுநிலைமை என்னாகும்?”

இப்படியாக, அக்கா நீங்கலாக மீதி முப்பத்துநான்கு பேரிடமும் ஆய்வு தொடங்கியது. உயரம், எடை, கால் நீளம், கை நீளம் எல்லாம் அளக்கப்பட்டன. இருபத்தைந்து கேள்விகள் கேட்கப்பட்டன. பிறந்ததிலிருந்து சைக்கிளில் ஏறியே இராத கணக்கர், மிக விரிவான பதில்களை எழுதினார். அனுபவம் அவருடைய சிந்தனைக்கு எங்கேயும் குறுக்கே நிற்கவில்லை.

பதினேழாவது கேள்வி முக்கியமானது: ‘நீங்கள் ஏற்றத்தில் ஓட்ட விரும்புவீர்களா, இறக்கத்திலா?’ முப்பத்துமூன்று பேர் இறக்கம் என்றார்கள். வாயில் காவலர் மட்டும் ‘நான் நடந்துதான் வருவேன்’ என்று எழுதினார். அது செல்லாத வாக்காக அறிவிக்கப்பட்டது.

சராசரி உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் ஒரு நூல் என்று வந்தது. அந்த உயரத்தில் நிலையத்தில் ஒருவர்கூட இல்லை. முடிவு யாருக்கும் சாதகமாக இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அன்று மாலை அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் தையல்காரர். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உன்னை அளக்கவே இல்லையா?”

“நான் பரீட்சை வைக்கிறவரோட சொந்தக்காரி மாதிரியாம். பக்கத்துலயே வரக்கூடாதாம்.”

“கல்யாணப் பொண்ணை விட்டுட்டு மண்டபத்துல இருக்கிற எல்லாருக்கும் ரவிக்கை அளவு எடுத்து சராசரி போட்டா என்ன ஆகும் தெரியுமா?”

“என்ன ஆகும்?”

“ஜன்னலுக்கு மாட்டலாம்.”

“சிரிக்காதீங்க. இன்னொரு தடவை லேட்டானா வேலை போயிடும்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அந்தக் கடையில நீயே போய் ஒண்ணைக் காட்டி, இதுதான் வேணும்னு கேளேன்.”

“கேட்டேங்க. ‘முன்முடிவோட பேசாதீங்க’ன்னு சொல்லிட்டாங்க.”

பதிமூன்றாவது கூட்டம் விலையைப் பற்றியது. மின்மிதிவண்டியில் விலை ஏறுவது பேட்டரியால்தான் என்று கணக்கர் கண்டுபிடித்தார். இறக்கத்தில் மட்டுமே ஓட்டுகிற ஒருவருக்குப் பெரிய பேட்டரி ஆடம்பரம் அல்லவா?

“இறக்கத்துல பூமியே இழுத்துக்கும் சார். அது இலவசம். இலவசமா கிடைக்கறதுக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?”

இயக்குநர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். ‘புவியீர்ப்பு விசை முழுமையாகப் பயன்படுத்தப்படும்’ என்று குறிப்பில் ஏறியது.

கடைக்குக் குழு முழுவதும் போனது. வண்டியை ஓட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்பதால் அக்காவும் அழைத்துச் செல்லப்பட்டார். வாசலிலேயே நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

“வாங்க சார். வண்டி யாருக்கு?” என்றார் விற்பனையாளர்.

“சராசரிக்கு.”

“அவரு வரலீங்களா?”

“அவரு வரமாட்டாரு.”

“போட்டோ இருந்தா காட்டுங்களேன். ஆளைப் பார்த்தா வண்டியைச் சொல்லிடுவேன்.”

வேதியியலாளர் தயங்கித் தயங்கி வரைபடத்தை நீட்டினாள். இரு பக்கமும் தாழ்ந்து நடுவில் மேடாக எழும்பிய அழகான வளைவு. விற்பனையாளர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல தொப்பை சார் இவருக்கு. படுத்திருக்காரா?”

அதற்கு மேல் அவரிடம் அறிவியல் பேசுவதில் பயனில்லை என்று கணக்கர் அறிக்கையின் சுருக்கத்தைப் படித்துக் காட்டினார். ஐந்தடி ஏழு அங்குலம் ஒரு நூல். இறக்கம். சிறிய பேட்டரி. பதினொன்றாம் கேள்விக்குப் பெரும்பான்மையினர் ‘வேகம் பிடிக்கும்’ என்றதால் பந்தய சைக்கிளின் உடற்கட்டு. பந்தயத்தில் யாரும் சாமான் ஏற்றிப் போவதில்லை என்பதால் பின்னால் கேரியர் கிடையாது.

விற்பனையாளர் கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தார். “கடைசியில ஓட்டப்போறது அந்த அக்காதானே? உள்ள வரச்சொல்லுங்க. ஏறி ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும்.”

“வேண்டாம். முடிவு பாதிக்கப்படும்” என்றார் இயக்குநர்.

வண்டி வாங்கப்பட்டது. அதன் இருக்கை அக்காவின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. எட்டும் அளவுக்கு இருக்கையை இறக்கலாமா என்று வேதியியலாளர் கேட்டாள். ‘ஆய்வு முடிவைத் திருப்புளி கொண்டு திருத்துவது முறையல்ல’ என்று பதில் வந்தது.

அக்கா சளைக்கவில்லை. நடைபாதை விளிம்பில் ஏறி நின்று, அங்கிருந்து வண்டியில் ஏறக் கற்றுக்கொண்டார். இறங்குவதற்கும் விளிம்பு வேண்டும். நான்காவது தொட்டியில் நடைபாதை கிடையாது. அங்கே வட்டமடித்துக்கொண்டே, “அண்ணே! புடிங்கண்ணே! புடிங்க!” என்று கத்துவார். தொட்டிக் காவலாளி ஓடிவந்து வண்டியை மாடு பிடிப்பதுபோலப் பிடிப்பார். ஐஸ் பெட்டி அக்காவின் முதுகில் தொங்கியது. குளிர் முதுகெலும்பு வழியாக ஏறித் தும்மலாக இறங்கியது.

மேட்டின் அடிவாரம் வந்ததும் பேட்டரி ஒரு பெருமூச்சு விட்டுக் கடமையை முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு இருபத்தைந்து கிலோ வண்டியை அக்கா தள்ளிக்கொண்டு போவார். மின்சாரம் மனிதனைச் சுமக்கும் என்றுதான் உலகம் நம்பியிருந்தது. மனிதனும் மின்சாரத்தைச் சுமக்கலாம் என்று நிலையம் மெய்ப்பித்தது.

நான்காம் நாள் அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. அலமாரிக் கதவு மூடியிருந்தது.

பதினைந்தாவது கூட்டத்துக்கு அக்கா முதன்முறையாக அழைக்கப்பட்டார். உட்கார நாற்காலிகூடப் போட்டார்கள்.

“வண்டி எப்படிம்மா இருக்கு?” என்றார் இயக்குநர்.

“இறக்கத்துல நல்லா போகுது சார்.”

“பார்த்தீங்களா! அறிக்கையில அதைத்தானே சொன்னோம்!”

“ஏறாம எப்படி சார் இறங்குறது?”

“அது தனி ஆய்வும்மா. இதோட குழப்பக்கூடாது.”

கணக்கர் தொண்டையைச் செருமினார். “வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க சராசரியிலிருந்து ஒன்பது அங்குலம் விலகியிருக்கீங்க. இதை முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“கண்ணுக்கு முன்னாடிதானே சார் நின்னேன். எட்டு வருஷமா நிக்கிறேன்.”

“பார்வை வேற, தரவு வேற.” பிறகு அவர் குரல் கனிந்தது. “கொஞ்சம் வளர வாய்ப்பு இருக்கா? சட்டத்துல அவகாசம் கொடுக்க இடம் இருக்கு.”

வேதியியலாளர் குறிப்பு எழுதும் பேனாவைக் கீழே வைத்தாள். “சார், தப்பு நம்ம சராசரியில…”

“செயலர் எழுதினா போதும்மா” என்றார் இயக்குநர்.

அவள் எழுதினாள். அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அத்துடன் குழு தன் பணியின் மிக உயர்ந்த கட்டத்தை அடைந்தது. ஓட்டுகிறவருக்கு ஏற்ற வண்டியை யார் வேண்டுமானாலும் தேடலாம். வண்டிக்கு ஏற்ற ஓட்டுகிறவரைத் தேட ஒரு நிலையம் வேண்டும். விளம்பரம் வந்தது: ‘மாதிரி சேகரிப்பாளர் தேவை. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் ஒரு நூல். வேக விரும்பி. இறக்கத்தில் மட்டும் செல்பவராக இருத்தல் வேண்டும்.’

நாற்பது பேர் வந்தார்கள். ஒருவர் இரண்டு நூல் கூடுதலாக இருந்தார். முடி வெட்டிக்கொண்டு வருவதாகக் கெஞ்சினார். தகுதிகளில் சமரசம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

“அதுவரைக்கும் தொட்டிக்குப் போய் தண்ணி எடுக்கறது யாரு சார்?” என்று கேட்டாள் வேதியியலாளர்.

“ஏம்மா, அவசரப்பட்டுத் தகுதியில்லாத ஆளை அனுப்பச் சொல்றியா?”

அவசரப்படவில்லை. அடுத்த மாதத்துக்கான அறிக்கை நிலையத்தின் வரலாற்றிலேயே தலைசிறந்ததாக அமைந்தது. தாமதமாக வந்த மாதிரிகள்: பூஜ்யம். கிருமி காணப்பட்ட மாதிரிகள்: பூஜ்யம். இயக்குநர் அதை நின்றுகொண்டு படித்தார். மற்ற முப்பத்துமூன்று பேரும் நின்றுகொண்டு கைதட்டினார்கள்.

இதற்கிடையில் அக்கா செய்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவர் அதே கடைக்குப் போனார். கேள்வித்தாள் இல்லை, குழு இல்லை. வருந்தத்தக்க அவசரம். ஒரு பழைய மின்மிதிவண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலும் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒருமுறை ஏறிப் பார்த்தார். பின்னால் பெட்டி நிற்குமா என்று அசைத்துப் பார்த்தார். பத்து நிமிடம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதவேண்டிய இடத்தில் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

வேலையும் கிடைத்தது. ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வீடு வீடாகப் போய் மாதிரி வாங்கி வரவேண்டும். அதே ஐஸ் பெட்டி, அதே மாதிரிச் சிறு பாட்டில்கள். ஆள் எடுத்த நேரம் அப்படியோ என்னவோ, கூடத்தில் கூட்டம் அலைமோதியது. ஊரில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மீதிப்பேரால் வரிசையில் நிற்கவும் முடியவில்லை. அவர்கள் வீடுகளுக்குத்தான் அக்கா போனார்.

ஒருநாள் காலை மேட்டுத் தெருவில் ஒரு வீட்டின் மணியை அடித்தார். கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் மூடி போட்ட பாட்டில். அதன் பின்னால் இயக்குநரின் முகம், வெளுத்துப்போய்.

“நீயாம்மா?” என்றார். “சத்தம் போடாதே. நேத்து ராத்திரியிலிருந்து பதினெட்டு தடவை.”

“அறிக்கையில பூஜ்யம்னு படிச்சேனே சார்?”

“அது தண்ணியோட அறிக்கைம்மா. இது வேற.”

அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழகிய கை, பழகிய கண்.

“இதுவும் அதே தண்ணிதான் சார். குழாய் வழியா வந்தப்ப நீங்க சோதிக்கல. உங்க வழியா வந்தப்புறம் நாங்க சோதிக்கிறோம்.”