அண்ணாச்சியின் ரப்பர் மீசை

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தி. நகர்ல ஜவுளிக்கடை வச்சிருந்த அண்ணாச்சியோட மீசையைச் சரி பண்ணணும்.

நிஜ மீசையை இல்லை. ரப்பர் மீசையை.

எழுபதுகள்ல பாலிதீன் பை புதுசா வந்த நேரம். கிண்டி எஸ்டேட்ல பை அச்சடிக்கிற சின்ன ஷெட் ஒண்ணு வச்சிருந்தேன். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியே பெரிசா ஒரு பிளேட் செஞ்சு, உருளையில ஒட்டி, பையில அடிக்கணும். அண்ணாச்சி தன் முகத்தையே பையில போடச் சொல்லியிருந்தார். கல்யாண சீசனுக்கு மொத்தப் பையும் நம்மகிட்டதான். அது கையை விட்டுப் போனா ஷெட்டை மூட வேண்டியதுதான்.

முந்தின நாள் முதல் பையைப் பார்த்துட்டு அண்ணாச்சி முகம் சுளிச்சார்.

"மீசையா இது? கம்பளிப்பூச்சி படுத்திருக்க மாதிரி இருக்குவே. முடி தனித்தனியாத் தெரியணும். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாரும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

புது பிளேட் செய்யணும்னா மறுபடி அச்சு எடுத்து, அதுல ரப்பரை அழுத்தி வேக வைக்கணும். ஒரு வாரம் ஆகும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகை படிக்கிறது. அங்கெல்லாம் லேசர்னு ஒரு ஒளியை வச்சே ரப்பரைச் செதுக்குறாங்களாம். அச்சு வேண்டாம், வேக வைக்க வேண்டாம். வேண்டாத இடத்தை ஒளி எரிச்சுத் தள்ளிடும், மிச்சம் நிக்கிறதுதான் படம். நாமளும் ஒண்ணு வாங்கினா என்னன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

என் மெஷின்மேன் கன்னியப்பன்கிட்ட யோசனை கேட்டேன்.

"மொதல்ல ஒரு ஃபேன் வாங்கு சார். உள்ள வெந்துக்கினு கீறோம்"ன்னான்.

சரி, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்த்துடலாம், மீசையும் சரியாயிடும்னு தோணுச்சு. பிளேட்டைத் தூக்கிட்டு மயிலாப்பூர்ல வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். லேசர் இல்லை. ஆனா மே மாச வெயில் இருக்கு, பூதக்கண்ணாடி இருக்கு. எல்லாம் ஒளிதானே?

முதல் கோடு பிரமாதம். புகை வந்தது, ரப்பர் கரைஞ்சது, மீசையில ஒரு முடி தனியாப் பிரிஞ்சு நின்னுது. அந்தப் பத்திரிகைக்காரனுக்கு எழுதிப் போடலாமான்னு கூட யோசிச்சேன்.

அப்பப் பார்த்து என் மனைவி மாடிப்படியிலேருந்து குரல் குடுத்தா. "ஏன்னா, என்ன கருகறது? ஹவுஸ் ஓனர் மாமி வடாம் காயப் போட்டிருக்காளே."

திரும்பிப் பார்த்தேன். தலையோட சேர்ந்து கையும் திரும்பிடுச்சு. மறுபடி குனிஞ்சா, வலது பக்க மீசையில பாதி இல்லை.

பதறலை. இடது பக்கத்தையும் அதே அளவுக்கு எரிச்சேன். அது கொஞ்சம் கூடுதலாப் போச்சு. அதுக்கு ஈடா வலது பக்கம் கொஞ்சம். மறுபடி இடது. கத்துக்குட்டி கிருதா வெட்டுற மாதிரி போய்க்கிட்டே இருந்தது. கடைசியில மூக்குக்குக் கீழே ரெண்டு புள்ளி மட்டும் நின்னுது. அது மீசை இல்லாததை விட மோசமா இருந்தது. அதையும் எடுத்துட்டேன்.

மனைவி மேல வந்து பார்த்தா. "நன்னாத்தானே இருக்கு. வயசு குறைஞ்சு தெரியறார்."

அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு கிண்டிக்குப் போனேன். கன்னியப்பன் ஒரு பையை அடிச்சுத் தூக்கிப் பார்த்தான்.

"யார் சார் இது? அண்ணாச்சிக்குத் தம்பி எவனாச்சும் கீறானா?"

சாயங்காலம் கடை. அண்ணாச்சி பையை விரிச்சுப் பார்த்தார். அவர் கை தானா மேல போய் மீசையைத் தடவுச்சு.

"எம் மீசை எங்கவே?"

"நவீன முறை அண்ணாச்சி. வயசு குறைஞ்சு தெரியறீங்க."

"எங்க பக்கம் ஒருத்தன் மீசைய எப்பம்வே எடுப்பான்? அப்பன் செத்தா எடுப்பான். கடைக்கு வாரவன் பூரா இந்தப் பைய வீட்டுக்குக் கொண்டு போனா, ஊரே துட்டி கேக்க வரும்வே. எங்க ஐயா அந்தா கல்லாவுல இருக்காவ."

எங்க குடும்பத்துல யாருக்கும் மீசையே கிடையாது. அதனால இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்ப உறைச்சு என்ன பண்ண? ஷெட்டு போச்சுன்னு நிஜமாவே பயந்துட்டேன்.

கல்லாவுல உக்காந்திருந்த பெரியவர் கையை நீட்டினார். பையை வாங்கி, கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு நிதானமாப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"ஏலே, நான் எப்பம்லே செத்தேன்?"

"நான் இல்ல ஐயா, இவருதான்..."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உமக்கு மீசையே ஆகாதோ?"

"வெயில் கொஞ்சம் ஜாஸ்தி ஐயா"ன்னேன். வேற என்ன சொல்றது?

பெரியவர் பையை மடிச்சு மகன் கையில குடுத்தார். "அப்பம் எம் படத்தப் போடும். இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஆர்டர் பிழைச்சுது.

பெரியவருக்கு மீசை கிடையாது, தலையிலயும் ஒரு முடி கிடையாது. ரப்பருக்குன்னே பொறந்த முகம்.