சர்க்கரை: பூஜ்ஜியம்

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பூதக்கண்ணாடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில், டயட்டீஷியன் முன்னிலையில், மனைவியிடமிருந்து அந்த நோட்டைப் பறித்தே தீருவது. நுரையைத் துப்பிய வேகத்தில் குளியலறைக் கண்ணாடியே நடுங்கியது.

நோட்டு என்றால் சாப்பாட்டு நோட்டு. எடையைக் குறைக்க அவருக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு காலத்தில் விருந்தாளிக்கு வைத்ததையும் சேர்த்து விழுங்கிய இரைப்பை, இப்போது கோழிமுட்டை அளவு. அதற்குள் என்ன போகிறது, எத்தனை கிராம், போன பிறகு என்ன ஆயிற்று, எல்லாம் நோட்டில் ஏறும். ஏற்றுபவள் மனைவி. நாளைக்கு ஆறு வேளை. ஆறு வேளையும் எடை போட்டு, வேகவைத்து, மசித்து, ஆறவைத்து, கிண்ணம் கழுவி, பிறகுதான் எழுதுவாள். கத்தி பட்டது இவர் வயிற்றில். வேலை விழுந்தது அவள் தலையில். இதை யாராவது கேட்டார்களா? இவர் கேட்டாரா? இவர் போகிற இடமெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "வீட்ல எனக்குச் சிறைவாசம்ப்பா!" கைதிக்கு ஆறு வேளை மீன் முள் எடுத்துக் கொடுக்கிற சிறை எந்த நாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள். நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

பூதக்கண்ணாடி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். மருந்துப் பெட்டி, பிஸ்கட் உறை, பற்பசை அட்டை எதுவானாலும் அச்சாகும் முன் அதன் பொடி எழுத்தைப் படித்துத் திருத்துவது அவர் உத்தியோகம். தப்பான எண் ஒன்று காதில் விழுந்து அதைத் திருத்தாமல் விட்டால், பாதியில் நின்ற தும்மல் போல அவருக்கு மூக்கு துடிக்கும்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எத்தனை பெரிய மேதாவி எந்த கியரைப் போட்டு முறித்தாலும் கத்தமாட்டாள். அவள் பக்கம் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு.

ஏழாவது வாரத்தில் இவர் திருட்டுத்தனமாக இரண்டு ஸ்பூன் ஜாம் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, குளியலறைத் தரையில் கிடந்து தன் மறைவுக்கு யார் யார் அழுவார்கள் என்று கணக்கெடுத்தார். அன்றிலிருந்து சர்க்கரை என்றால் பயம். ஆனால் ஆசைக்கு யார் அறுவை சிகிச்சை செய்தார்கள்?

இந்த நேரம் பார்த்து அவர் மேசைக்கு ஒரு சாக்லேட் உறை திருத்தத்துக்கு வந்தது. "சர்க்கரை: 0 கிராம்." படித்தார். கண் கலங்கியது. அடுத்த வரி: "மால்டிடால் எனும் சர்க்கரை ஆல்கஹால், மூன்று துண்டுகளில் 15 கிராம்." சாராயமோ என்று ஒரு கணம் மிரண்டார். விசாரித்தார். போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஒருவகை இனிப்பூட்டி, அவ்வளவுதான். அதற்கும் கீழே எறும்புக்கால் எழுத்தில்: "அதிகம் உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்." அந்த வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. புள்ளியை வைத்தார். பொருளை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர் விலக்கியது சர்க்கரை. இதில் சர்க்கரை பூஜ்ஜியம். ஆகவே டாக்டர் இதை விலக்கவில்லை." எப்படி வாதம்? அன்று மாலையே ஒரு பெட்டி வீட்டுக்கு வந்து, செருப்பு அலமாரியில் பழைய ஷூவுக்குள் குடியேறியது.

மூன்றாம் நாளே வயிறு பேச ஆரம்பித்தது. அச்சகக் கூட்டத்தில் அது ஒருமுறை பேசியபோது பக்கத்து நாற்காலிக்காரர் தன் செல்போன் என்று நினைத்து எடுத்துப் பார்த்தார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"நாற்காலி."

"நின்னுக்கிட்டு இருக்கீங்க."

"நேத்து உக்காந்திருந்தேனே, அந்த நாற்காலி."

"வயித்த வலிக்குதா?"

"எல்லாம் உன் பருப்புக் கூழ்தான்!"

அவள் பருப்பை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. இவர் முட்டையைக் குற்றம்சாட்டினார். முட்டையும் போயிற்று.

"இப்ப மீனும் தயிரும்தாங்க மிச்சம்."

"அப்ப மீன்தான். உள்ள நீந்துது பாரு!"

அவள் சிரிக்கவில்லை. உள்ளே தையல் ஏதும் பிரிந்துவிட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போன் செய்தாள். இவர் ஓடி ஓடிக் கழிவறைக் கதவைச் சாத்தியபோதெல்லாம் வெளியே நின்று, "ரத்தம் ஏதாவது போகுதாங்க?" என்று கேட்டாள். அப்போதாவது வாயைத் திறந்தாரா? திறந்தார். இன்னொரு துண்டு போட்டுக்கொள்ள.

வெள்ளிக்கிழமை வந்தது. டயட்டீஷியன் இளம்பெண். நோட்டைப் புரட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"பருப்பு நிறுத்தம், முட்டை நிறுத்தம். புரதம் ரொம்பக் குறைஞ்சிருக்கே சார்? இப்படியே போனா முடி கொட்டும், சதை கரையும்."

"பாத்தீங்களா மேடம்! இதைத்தான் சொல்ல வந்தேன். இவ குடுக்கற எதுவும் எனக்கு ஒத்துக்கல. நோட்டு என் கைக்கு வரணும். என் வயிறு, என் பொறுப்பு!"

மனைவி மறுக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்தபடி, "ஒரு சந்தேகம்மா," என்றாள் டயட்டீஷியனிடம். "சர்க்கரை இல்லாத சாக்லேட்டுன்னு விக்குதே, அது இவருக்குக் குடுக்கலாமா? அதுல மால்டிடாலாம். மூணு துண்டுக்கு ஆறு கிராம்தான்னு போட்டிருக்கு."

பூதக்கண்ணாடிக்கு மூக்கு துடித்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டார்.

"பச்சை உறை. முன்பக்கமே பெருசா ஆறுன்னு..."

"பதினஞ்சு!" வெடித்துவிட்டார். "உறை ஊதா. பின்பக்கம், நாலாவது வரி!" அப்புறம் சுதாரித்து, "தொழில், மேடம். நான்தான் திருத்தினேன்," என்று பெருமையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரிதான்," என்றாள் மனைவி மரியாதையாக. "உறை வரைக்கும் இவருக்கு அத்துப்படி. உள்ள இருக்கறதுதான் தெரியாது, பாவம். ஒரு பெட்டியில எட்டே எட்டு துண்டு."

"பன்னிரண்டு."

"எட்டுங்க."

"பன்னிரண்டுங்கறேன்!"

"கடைக்காரரே எட்டுன்னுதான் சொன்னாரு."

"அவனுக்கு என்ன தெரியும்? ஒரு நாளைக்கு ஆறு, ஒரு பெட்டி சரியா ரெண்டு நாள் வருது. எட்டுன்னா எப்படி வரும்? ஆறும் ஆறும் எட்டா?"

டயட்டீஷியன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அதற்குள் அவர் வயிறு நீளமாக, தெளிவாக, எழுந்து நின்று சாட்சி சொன்னது.

"நாளைக்கு ஆறா சார்?" டயட்டீஷியன் பேனாவை எடுத்தாள். "அப்ப முப்பது கிராம். சர்க்கரைன்னா உங்களுக்குப் படபடப்பு வரும். இது வேற வழி. உடம்புல பாதிதான் சேரும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிச்சு வாயு ஆகும், தண்ணியையும் இழுத்துக் கொட்டும். பருப்பு என்ன பண்ணுச்சு, பாவம்? முட்டை என்ன பண்ணுச்சு?"

பூதக்கண்ணாடி மனைவி பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேதான் கேட்டியா?"

"வாரத்துல நாலு தடவை ஷூவுக்குப் பாலிஷ் போடற மனுஷன முதல் தடவையாப் பாக்கறேன். திங்கக்கிழமை ஷூவைத் தட்டினேன், பெட்டி விழுந்துச்சு."

"வீட்லயே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா உறையைக் காட்டி, சர்க்கரை பூஜ்ஜியம்னு ஒரு மாசம் வாதாடுவீங்க. எனக்கு ஏது நேரம்? நான் மீன் முள் எடுக்கணும், ஆறு கிண்ணம் கழுவணும்."

அவர் தலை குனிந்தார். இனி நோட்டு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. ஆனால் டயட்டீஷியன் அதை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"நோட்டு இனிமே உங்களோடதுதான் சார். கையெழுத்துப் போட்டுட்டேன்."

காதை நம்ப முடியவில்லை அவருக்கு. தோற்றும் ஜெயித்தாயிற்று! இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் கேட்டேன், குடுத்துட்டாங்க பாத்தியா?"

"நீங்க கேக்கலைங்க. நோட்டை உங்களுக்கே குடுத்துடச் சொல்லி நான்தான் திங்கக்கிழமையே இவங்களுக்கு எழுதிக் குடுத்தேன்."

மனைவி கைப்பையைத் திறந்தாள். எடை பார்க்கும் சின்னத் தராசு வந்தது. மசிக்கிற கரண்டி வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு கிண்ணம் வந்தது. ஒவ்வொன்றாக நோட்டின் மேல் அடுக்கினாள்.

"இதெல்லாம் என்ன?"

"நோட்டோட சேர்ந்தது. பருப்பு இன்னையிலேர்ந்து மறுபடி ஆரம்பம், முட்டையும். ஆக்கறது, மசிக்கறது, கழுவறது, அப்புறம் எழுதறது. உங்க வயிறு, உங்க பொறுப்பு."

"அப்ப நீ?"

அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"நானா? நாலு மாசமா அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே விழுங்கறேன். இன்னைக்குப் போய் உக்காந்து சாப்பிடப் போறேன். நீங்க சீக்கிரம் வந்து மீனுக்கு முள் எடுங்க."