சம்பந்தி வீட்டுக்கு நான் எழுதிய மறுப்புரை

எதையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. நன்றாகக் கற்றுக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் லீவுக்கு வீட்டுக்கு வருகிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுபதுகளில் கேரள எல்லையோரத்து எங்கள் முதலமடை வீட்டில் அப்படி ஓர் ஆபத்து ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு நடமாடியது. சாட்சாத் நான்தான்.

பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்களுக்கு ரெட்டரிக் என்று ஒரு பாடம். படிக்கிறவரை இணங்க வைக்கும்படி எழுதுவது எப்படி என்று கிரேக்கர்களும் ரோமானியர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு வகுத்து வைத்த சமாச்சாரம். ஏலியாம்மா டீச்சர் அதை நடத்துகிற அழகில் வகுப்பே சொக்கிப் போயிருந்தது. மனம் இளகும்படி ஆரம்பிக்க வேண்டும், விஷயத்தைச் சொல்ல வேண்டும், காரணங்களை அடுக்க வேண்டும், கடைசியில் கண்ணில் நீர் வரவழைத்து முடிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இதற்கெல்லாம் நடுவில் வருகிற மறுப்புரை. எதிராளி வாயைத் திறப்பதற்குள், அவர் சொல்லக்கூடிய ஆட்சேபனைகளை எல்லாம் நாமே சொல்லி, நாமே உடைத்துப் போட்டுவிட வேண்டுமாம். அப்புறம் பாவம், அவருக்குச் சொல்ல என்ன இருக்கும்?

இதை முதலில் ஹாஸ்டல் மேட்ரனிடம் பரீட்சித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்னி ஷோவுக்கு அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் அவருடைய ஆட்சேபனைகளை எல்லாம் துவம்சம் செய்திருந்தேன். அனுமதி கிடைத்தது. (மேட்ரனுக்கே அந்தப் படத்தின் மேல் ஒரு கண் இருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.) அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சரசு அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. ஆனைமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை பெயர் நடராஜன். பெண் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போஸ்ட்மேன் சைக்கிள் வருகிற நேரம் பார்த்து அவளுக்கு வாசலில் ஏதாவது வேலை முளைத்தது. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துப் போய்விட்டது எங்கள் தொழுவத்து எருமைக்குக்கூடத் தெரியும்.

அப்பா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாயைத் திறந்தால் தமிழ், பேனாவைத் திறந்தால் மலையாளம். மாப்பிள்ளை வீட்டாருக்கோ தமிழ் எழுத்து மட்டும்தான். ஆகவே லீவுக்கு வந்திருந்த என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நமக்குச் சம்மதம்னு ஒரு காயிதம் எழுதிப் போடு. அவுங்க சௌகரியத்தையும் கேட்டுரு. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? அக்காவின் வாழ்க்கைப் பிரச்சினை, ரெண்டு வரியில் முடிகிற காரியமா? மாந்தோப்பில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் எழுந்தபோது கவர் புடைத்துக்கொண்டிருந்தது.

அப்பா எழுதுவதுபோல்தான் எழுதியிருந்தேன். ‘மாப்பிள்ளையைவிடப் பெண் ஒரு விரற்கடை உயரம் என்று தாங்கள் கவலைப்படலாம், உட்கார்ந்திருக்கையில் அது தெரியாது. பெண் கோபக்காரி என்று யாரேனும் சொல்லியிருக்கலாம். தங்கையின் மீது கரண்டியை வீசியது மெய்யே எனினும், குறி தவறிவிட்டது.’ தாய்மாமன் சீட்டாடுவதையும் சித்திரையில் எங்கள் கிணறு வற்றுவதையும் இதே ரீதியில் தூள் தூளாக்கினேன். ‘முன்னர் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தம் கலைந்ததைத் தாங்கள் ஒரு குறையாகக் கருதக்கூடும், அது ஜாதகப் பொருத்தம் இன்மையால் மட்டுமே.’ கடைசியில் கண்ணீர் வரவழைக்க வேண்டுமல்லவா? ‘எனது இல்லாள் அன்ன ஆகாரமின்றிப் படுத்த படுக்கையாய்த் தங்கள் பதிலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்’ என்று முடித்தேன். (இல்லாள் அந்த நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரியோடு வரப்புச் சண்டையில் இருந்தாள். குரல் எனக்கே கேட்டது.)

அப்பாவுக்கு முதல் வரியையும் கடைசிக்கு முந்திய வரியையும் மட்டும் படித்துக் காட்டினேன். சம்மதம் என்று சொல்வதற்கா இத்தனை காகிதம் என்று கேட்டார். காலேஜில் அப்படித்தான் என்றேன். பெருமையோடு மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பள்ளிக்கூட வாத்தியாரான அவருடைய சித்தப்பா மூவரும் இறங்கினார்கள். அந்த அம்மாளின் கையில் ஒரு கூடை சாத்துக்குடி. மூவர் முகத்திலும் நோயாளியைப் பார்க்க வந்த களை. அதே நேரம் பார்த்து எங்கள் அம்மா ஓர் ஆள் உயரச் சோளத்தட்டுக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்திருப்பதைப் பார்த்ததும் கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு, வாங்க வாங்க என்று கும்பிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கூடையைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க படுத்த படுக்கையா இருக்கறதா..." என்று இழுத்தார்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உட்கார்ந்ததும் சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். பெண் பார்த்த அன்றைக்கே அவர்களுக்குச் சம்மதமாம். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதால், கருமாதி கழியாமல் நல்ல சேதி சொல்லி அனுப்பக் கூடாது என்றுதான் காத்திருந்தார்களாம்.

"எங்களுக்கு ஒரு கொறையும் தோணலீங்க. இந்தக் காயிதம் வந்த பொறவுதான் யோசனையே வந்துச்சு" என்று சொல்லி, பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் முதலிலிருந்து வாசித்தார். அப்பா அதை முழுசாகக் கேட்டது அப்போதுதான். உயரம் வந்தபோது மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். கரண்டி வந்தபோது அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்தக் கிணறு வற்றியிருந்தாலும் பரவாயில்லை, போய் விழுந்துவிடலாம் என்றிருந்தது.

உடுமலை வரி வந்ததும் சித்தப்பா நிறுத்தினார். மற்றதெல்லாம் கிடக்கட்டும், ஒரு சம்பந்தம் கலைகிற அளவுக்கு ஜாதகத்தில் என்ன தோஷம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லாம் போயிற்று, அக்காவின் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். எனக்கு ஒரு முறைப்பு, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

"ஜாதகத்துல ஒண்ணுமில்லீங்க. தங்கச்சியக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது, நிறுத்திப்போடோணும்னு அவுங்க சொன்னாங்க. நான்தான் அந்தச் சம்பந்தம் வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சா இவ அழுவாள்னு ஜாதகம்னு சொல்லி வெச்சோம்."

அதுவரை எனக்கு இது தெரியாது. ஜாதகம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பெட்டி கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறியபோது, வாசலில் நின்று கையசைத்தவள் தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். அவள் வாங்கிக் கொடுத்த படிப்பை வைத்துத்தான் அவளுக்கே குழி பறித்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்று தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மாப்பிள்ளையின் அம்மா, அந்தத் தங்கச்சிதான் இதை எழுதியதா என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள்.

"அவளுக்காகவா கண்ணு வந்த சம்பந்தத்தை வேண்டாம்னே?"

"அப்ப இவ இவ்வளவு எழுதுவாள்னு தெரியாதுங்க" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் கொண்டையில் செருகினார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பேச்சு வேண்டியதில்லை.

லீவு முடிந்து போனதும் ஏலியாம்மா டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். படிக்கிறவர் மனதில் இருக்கிற ஆட்சேபனைக்குத்தான் பதில் எழுத வேண்டும், இல்லாததை நாமே கொண்டுபோய் நட்டு வைக்கக் கூடாது என்றார். (இதை லீவுக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.)

அத்தான் இத்தனை வருடமாகியும் விடவில்லை. அம்மா இருந்தவரை எப்போது வந்தாலும் சாத்துக்குடியோடுதான் வருவார். ‘ஒடம்பு தேவலையாங்க அத்தை?’ என்பார். அம்மாவும் சளைக்காமல் முந்தானையால் போர்த்திக்கொண்டு முனகிக் காட்டுவாள். குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும், பேனாக்களை எல்லாம் எடுத்து ஒளித்து வையுங்கள், மணி சித்தி வருகிறாள் என்று என்னைப் பார்த்துக் குழந்தைகள்கூடச் சொல்லும்.

அந்த உடுமலைச் சம்பந்தத்தைப் பற்றி மட்டும் யாரும் கேலி பேசுவதில்லை. போன வருடம் ஆனைமலையில் அக்காவும் நானும் தனியாக இருந்தபோது, எப்படியாவது சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு நீ எனக்காக..." என்று இழுத்தேன்.

"வேண்டாம் கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. "நீ விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சீன்னா, பண்ணுனது தப்போன்னு எனக்கே தோணிப்போயிரும்."