அழகாகத் திரும்பிய மீன்கள்

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்து இருபதுக்கு மீன் தொட்டியின் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். ஐந்து ஐம்பதுக்குத் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் வாணலியில் போட்டு இருபது நிமிடம் வறுத்தேன். ஆற வைத்து, ஆறரைக்குத் தீவனம் போட்டேன். மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தன.

இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது. அன்று நடந்ததை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் நோட்டு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் சொல்வதுதான் சரி.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சூளைப் பிரிவில் இருக்கிறேன். மணிக்கு ஒருமுறை சூளையின் சூட்டைப் பார்த்து எழுதுவது வேலை. இருபத்தைந்து வருடம் இதைச் செய்தவன் நெருப்பைப் பார்க்காத எதையும் நம்ப மாட்டான். (நான் தயிரைச் சுடவைத்துத் தரச் சொன்னதாக என் மனைவி மல்லிகா சொல்வது பொய். மோரைத்தான் சொன்னேன்.)

அந்த வருடத் தொடக்கத்தில் கொல்லையில் கிணற்று உறைகளை அடுக்கி வட்டமாக ஒரு தொட்டி கட்டி, ஜிலேபி கெண்டைக் குஞ்சுகள் விட்டேன். அவை உறுதியாக வளர வேண்டுமென்று மூன்று ஏற்பாடுகள் செய்தேன். ஆறு மாதத் தீவனத்தை மொத்தமாக வாங்கி வைத்து, கிருமி சாகட்டும் என்று தினமும் வறுத்துப் போட்டேன். தொட்டியில் பாசி பொட்டளவும் இல்லாமல் சுரண்டினேன். உடற்பயிற்சிக்காக இரவும் பகலும் மோட்டார் ஓடவிட்டுத் தண்ணீரைச் சுழற்றினேன்.

ஏப்ரலில் ஒருநாள் மல்லிகா தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த மீனுங்க எந்நேரமும் திரும்பிக்கிட்டே இருக்குதே?"

"வட்டத் தொட்டியில வேற எப்படி நீந்தும்? நேரா போனா செவுத்துல முட்டிக்காதா?"

அன்றைய நோட்டில் எழுதினேன்: "மீன்கள் அழகாகத் திரும்புகின்றன."

மே மாதம் எங்கள் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெண்ணாடம். பந்தியில் நின்று சம்பந்தியிடம் சத்தமாகவே சொன்னேன். "கறி விருந்துக்குக் கடை மீனு கிடையாது, சம்பந்தி. என் தொட்டி மீனு. ஒண்ணொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்."

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் முதன்முறையாகப் பெண் வீட்டுக்கு வந்து அசைவம் சாப்பிடும் விருந்து அது. அந்த விருந்துதான் ஜூன் 12. பதினொன்று ஐந்துக்கு வந்தார்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சம்பந்தி, "எங்க அந்த அச்சு மீனு?" என்று நேராகக் கொல்லைக்கு வந்துவிட்டார். அவர் கண்ணெதிரிலேயே வலையை விட்டுத் தூக்கினேன்.

முதல் மீனின் தலையும் வாலும் ஒரே பக்கம் பார்த்தன. கையில் பிடித்து நிமிர்த்தினேன். நிமிரவில்லை. இரண்டாவது இடுப்பில் ஒடிந்த மாதிரி இருந்தது. மூன்றாவதைத் தரையில் வைத்தேன், தொட்டில் மாதிரி ஆடியது.

"ஜிலேபின்னு பேரு வச்சிட்டாங்கன்னு இப்படியா சுத்தி எடுப்பீங்க, சம்பந்தி?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க கம்பெனியில கோணலாப் போன கப்புக்கு என்னா பேரு?"

"செகண்ட்ஸ்."

"அதான் கேக்குறேன். நல்லதயெல்லாம் எங்கியோ அனுப்பிட்டு, சம்பந்தி வூட்டுக்கு செகண்ட்ஸா?"

வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தேன்மொழி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மார்க்கெட்டுக்குப் போயி வேற மீனு வாங்கியாந்துடுப்பா. மாமா சாப்பிடாம போனாருன்னா காலத்துக்கும் எனக்குத்தான் பேச்சு."

மகள் கண்ணில் தண்ணீர். வேறொரு தகப்பன் ஓடியிருப்பான். நானும் ஓடினேன், நோட்டை எடுக்க. வாசற்படியில் குறுக்கே நின்று நீட்டினேன்.

"சம்பந்தி, மொத நாள்லேர்ந்து எழுதியிருக்கேன். மருந்து கிருந்து எதுவும் போடல. ஒரு மீனு வெளியில போவல. படிங்க. படிச்சிட்டுச் செருப்பு போடுங்க."

அவரிடம் கண்ணாடி இல்லை. நோட்டைச் சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டார். பால்வாடி டீச்சராக இருந்தவர். நின்றபடியே நாலு பக்கம் படித்தார்.

"அண்ணே, தெனமும் இருவது நிமிசம் வறுத்தீங்களா?"

"ஒரு நாளும் தவறல."

"நெல்லிக்காய வறுத்துத் தின்னா அதுல என்னா சத்து இருக்கும்? பச்சையா கெடைக்கிறது அந்தப் பாசி ஒண்ணுதான். அதையும் சொரண்டிட்டீங்க."

"அழுக்காச்சே, தங்கச்சி."

"இதுல ராவும் பகலும் எதிர்நீச்சல் வேற. உங்கள அப்படி ஓட வுட்டா உங்க முதுகு என்னாத்துக்கு ஆவும்?" கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, இது செகண்ட்ஸ் இல்ல. அண்ணன் பாடுபட்டு வளைச்சது. நோய் இல்ல, சத்துக் கொறைவு. செருப்ப வுட்டுட்டு வாங்க, பசிக்குது."

சம்பந்தி செருப்பை விட்டார். கோணல் மீனில் முள் எங்கே இருக்கும் என்று நாக்குக்குத் தெரிவதில்லை. மாப்பிள்ளை மூன்று உருண்டை வெறுஞ்சோறு விழுங்கினார். சம்பந்தி இரண்டாம் முறை குழம்பு கேட்டார். மணி ஒன்று நாற்பது. அப்போதுதான் தேன்மொழி சாப்பிட உட்கார்ந்தாள்.

பிறகு மீன்வளம் படித்த ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். சூட்டிலும் நாள்பட்ட இருப்பிலும் தீவனத்திலுள்ள வைட்டமின் சி போய்விடும், அது இல்லாமல் மீனின் முதுகெலும்பு நேராக வளராது, ஓயாத நீரோட்டமும் முதுகை வளைக்கும் என்றார். மீனைக் கெடுக்க இவ்வளவு ஒழுங்காக ஒருவர் உழைத்து அவர் பார்த்ததில்லையாம். இவ்வளவு ஒழுங்கான நோட்டையும் பார்த்ததில்லையாம். (முதல் வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவதை நான் மட்டும்தான் சொல்கிறேன்.)

இன்றும் வீட்டில் யாராவது கூன் போட்டு உட்கார்ந்தால் "அழகாத் திரும்புது" என்கிறார்கள். சம்பந்தி போன் செய்தால் முதல் கேள்வி, "நேரா இருக்கீங்களா?" சிரித்துவிட்டுப் போகட்டும். காரணத்தைக் கண்டுபிடித்தது எது? என் நோட்டு. நான் எதற்கும் வெட்கப்படுவதாக இல்லை.

விருந்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கொல்லைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் மெல்லச் சுழன்று நின்றது. மிச்சமிருந்த ஏழு மீன்களும் நீந்தாமல் நின்றன. நின்ற இடத்திலேயே அழகாகத் திரும்பியிருந்தன.

ஏப்ரல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வரியை அடிக்கவில்லை.