சந்திரமோகனின் முதல் கியர்

முப்புறமும் கடல் சூழ்ந்து காக்கும் போர்ட் பிளேர் மாநகரில், ஜங்லிகாட் சந்தையின் தேங்காய்க் கடைகளுக்கெல்லாம் திலகமாய்த் திகழும் கடையின் அதிபதி, பல்சக்கரப் பெருஞானி, ஆர்பிஎம் அறிந்த அண்ணல் சந்திரமோகனின் புகழை இனி உரைப்போம். கியர்பாக்ஸுக்குள் வீற்றிருக்கும் எண்ணெய்த் தேவதையே, அடியேன் நாவுக்கும் சற்று வழுவழுப்பைத் தந்தருள்வாய்! இவன் அறிவீனத்தைத் தடங்கலின்றிச் சொல்லி முடிக்க அது நிறையவே வேண்டியிருக்கிறது.

போருக்குக் காரணம் மைத்துனன். வடக்கே ரங்கத் என்னும் ஊரில் நெல் பயிரிடும் பன்னீர்செல்வம், அறுவடை முடிந்த வயலில் தார் டிரம்களை வட்டமாக நிறுத்தி, அவற்றைச் சுற்றி ஓடும் கார்ப் பந்தயத்துக்கு அத்தானை அழைத்தான். இருவரிடமும் இருந்தவை ஒரே வயதுடைய, ஒரே அளவுக்கு இருமும் எண்ணூறு சிசி சிறுகார்கள். கடைக்கு ஒரு சரக்கு வண்டி வேண்டுமென்று நெடுங்காலமாய்க் கேட்டு அலுத்த வைஜெயந்தி, நம் வீரனின் இல்லத்தரசி, பன்னீர்செல்வத்தின் அக்காள், அன்றே தீர்ப்பை எழுதிவிட்டாள்.

“ஜெயிச்சா அது உங்க ரேஸ் கார், நான் தொட மாட்டேன். தோத்தா மேல கேரியர் அடிச்சு தேங்கா ஏத்துவேன். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது.”

தன் தேர் தேங்காய் சுமப்பதா! அக்கணமே சந்திரமோகன் கைபேசிக் காணொளிகள் என்னும் குருகுலம் புகுந்து, பந்தயக் கார்களின் பரம ரகசியத்தைக் கற்றுத் தேர்ந்தான். முதல் கியர் புறப்படுவதற்கு மட்டுமே. ஆகவே அதை வேகத்துக்கேற்றபடி நீளமாக வை. மற்றவற்றை ஒன்றையொன்று உரசுமாறு நெருக்கி வை. அப்போதுதான் கியர் மாற்றும்போது எஞ்சினின் உரம் குன்றாது. இவ்வேதத்தின்படி மெயின்லேண்டில் பல்சக்கரங்கள் கடைந்தெடுக்கப்பட்டுக் கப்பலேறி வந்து காரில் பூட்டப்பட்டன. “ஆறாயிரம் ஆர்பிஎம்மில் மாற்றுக! முன்னே மாற்றுபவன் கோழை. பின்னே மாற்றுபவன் மூடன்!” என்று எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினான். கல்லாவில் அமர்ந்து, கண்மூடி, காற்றிலே கியர் மாற்றிப் பயின்றான். “அரே பையா, நாரியல் தோ நா!” என்று தேங்காய் கேட்டு வாடிக்கையாளர்கள் கதறியதெல்லாம் அந்தத் தவத்தைக் கலைக்கவில்லை.

“இது மெதுவா போகுமாங்க?” என்று மட்டும் கேட்டாள் வைஜெயந்தி.

“மெதுவாகச் செல்லுதல் பந்தயத் தேருக்கு இழுக்கு!” என முழங்கினான்.

அந்தோ! வயலில் ஓட்ட வேண்டிய ஒவ்வொரு வளைவுக்கும் கியர் வகுத்த மேதை, வயலுக்குப் போகும் வழியை மறந்தான். ரங்கத் சாலை பழங்குடியினர் காட்டுக்குள் நுழையும் இடத்தில், காவலர் வண்டி முன்னே செல்ல, மற்றவை கான்வாயாகப் பின்னே ஊர வேண்டும். முந்தக் கூடாது, நிற்கவும் கூடாது. தீவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. இவனும் ஆண்டாண்டாய் அவ்வழியே மாமனார் வீட்டு விருந்துக்குப் போய் வந்தவன்தான். படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது.

விடிந்ததும் தொடங்கியது வெஞ்சமர். முன்னே, சிமெண்ட் மூட்டை சுமந்த மதயானையென மேடேறும் லாரி. பின்னே, பிளிறிக்கொண்டு நெருங்கும் பேருந்து. இடையே, ஊர்ந்து செல்லவே அறியாத நெடிய முதல் கியருடன் நம் வீரன். கிளட்சை விட்டால் எஞ்சின் அடங்கும். முழுதும் மிதித்தால் வண்டி பின்னால் உருளும். ஆகவே இடக்காலைப் பாதி மிதியிலேயே நிறுத்தி, அக்கால் வெடவெடக்க, வியர்வை ஆறாய்ப் பெருக, காடு முழுவதும் போராடினான். ஆறாயிரம் எங்கே, இரண்டாம் கியரையே அவன் காணவில்லை.

“ஏங்க, என்னமோ கருகுதே?” என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த வைஜெயந்தி.

“அஞ்சேல், தேவி! அது வீரத்தின் நறுமணம்!”

“வீரமா? ரோட்டி தீஞ்ச வாடைல்ல வருது.”

உண்மையில் அவனுக்கு அழுகை வந்தது. காடு முடிந்து, வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகின் சரிவுப் பலகையில் முன்சக்கரம் ஏறிய கணத்தில், கிளட்ச் புகையுருவாய் வீர சுவர்க்கம் எய்தியது. “அரே, காடி ஹடாவ்! பீச்சே லைன் லகா ஹை!” என்று வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்திச் சீழ்க்கையடித்தார் படகு ஊழியர். செல்பி எடுத்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் கூடி, “ஜோர் லகா கே ஹைசா!” என்று கோஷமிட்டு, மாவீரனைத் தேரோடு உள்ளே தள்ளினார்கள்.

அக்கரையில், ஒன்றையும் மாற்றாத தன் பழைய காருடன் காத்திருந்தான் பன்னீர்செல்வம். கையில் தாம்புக்கயிறு. இரண்டு வண்டிகளையும் நிதானமாகப் பிணைத்துவிட்டு, பணிவே உருவாய்க் கேட்டான்: “அத்தான், ஃபர்ஸ்ட்ல இழுக்கவா, செகண்ட்ல இழுக்கவா? கணக்கெல்லாம் உங்களுக்குத்தானே அத்துப்படி.”

ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த சந்திரமோகன் மனைவியின் பக்கம் திரும்பாமல், “மெதுவா போ மாப்ள” என்றான்.

அவ்வாறே, ரங்கத் வயலில் திரண்டிருந்தோரின் சீழ்க்கையொலி விண்ணைப் பிளக்க, வெற்றித்தேருக்கு ஒரு கயிற்றின் தொலைவு மட்டுமே பின்தங்கி, பல்சக்கரப் பெருஞானி போர்க்களம் புகுந்தான்.

வண்டியில் இப்போது பழைய கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. காலையில் தேங்காய் ஏற்றுகிறார்கள்.