செருப்போடு சாமி கும்பிட்ட வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இந்த இனத்தில் ஒருவராவது அகப்படுவார்: சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பவர். பிளக்கில் குத்தினால் உள்ளே சின்ன பல்ப் மினுங்குமே, அந்தத் திருப்புளிதான். அது மினுங்கிவிட்டால் போதும், மின்சாரம் முழுவதும் கரைத்துக் குடித்தாயிற்று! கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் எல்லோரும் அட்சதையும் கையுமாக நிற்க, இவர் மட்டும் மேடைக்குப் பின்னால் குனிந்து வயரைத் தூக்கிப் பார்த்து, “யாருய்யா இந்த வேலையச் செஞ்சது?” என்று உச்சுக்கொட்டுவார். விதியும் சான்றிதழும் கை நடுங்குகிறவர்களுக்கு. இவருக்கு எதற்கு?

நம் குமரப்பன் முதல் தரம். புறக்கோட்டையில் புடவைக்கடை, வீட்டில் கரண்ட் ராஜ்ஜியம். அங்கே வாசல் மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு எரியும். கரண்ட் கசிந்தால் தானாகவே நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததால், அதைத் தாண்டி வேறு வயர் இழுத்து அதன் வாயை அடைத்துவிட்டார். பிறகு குழாயைத் தொட்டால் சுர்ரென்றது. “கரண்ட் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்டி” என்று மனைவி கோமளவல்லிக்கு விளக்கிவிட்டு, ஆளுக்கொரு றப்பர் செருப்பு வாங்கி வந்தார். அடுப்படியில் செருப்பு. குளியலறையில் செருப்பு. கலர் பல்ப் தொங்கும் சாமியறையிலும் செருப்பு! பாவம் கோமளவல்லி, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கற்பூரம் காட்டினாள்.

அப்போதுதான் தெஹிவளையிலிருந்து மகள் சிகப்பி போன் எடுத்தாள். இவர்கள் வீட்டு மேல்மாடிக்கே குடிவருகிறார்களாம். ஆனால் பேரன் தவழத் தொடங்கிவிட்டான். இஞ்சினியர் பார்த்து, வயரிங் சரியென்று சேர்ட்டிபிகேட் தந்தால்தான் வருவார்களாம். கோமளவல்லிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குமரப்பனுக்கோ மானம் போன மாதிரி இருந்தது. என் வேலைக்கு இன்னொருத்தர் கையெழுத்தா? சரி, வரட்டும், பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று வயர்களையெல்லாம் சுவருக்குள் திணித்து வெள்ளையடித்தார்.

இஞ்சினியர் நஸீறா வந்தாள். எந்த வீட்டிலும் செய்வதுபோல வாசலில் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினாள்.

“ஐயோ மிஸ்! கழட்டாதீங்க!” குமரப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

நஸீறா ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ் வீட்டு வாசலில் இப்படியொரு உபசாரமா? எட்டிப் பார்த்தாள். உள்ளே கோமளவல்லி செருப்புக் காலோடு மணியாட்டிக்கொண்டிருந்தாள். நஸீறா சப்பாத்தைத் திரும்பப் போட்டாள்.

“அங்கிள், முதல்ல மெயினை நிப்பாட்டுங்க. இதுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது.”

“செருப்புப் போட்டா ஒண்ணும் பண்ணாது மிஸ்! நாங்கல்லாம் இருக்கமே!”

கோமளவல்லி மணியைக் கீழே வைத்தாள். “ஏங்க, தவழ்ற பிள்ளைக்கு உள்ளங்கையிலயும் முழங்கால்லயும் செருப்பு மாட்டுவீங்களா?”

பழக்கதோஷத்தில் குமரப்பனின் கை சட்டைப்பைக்குப் போனது. டெஸ்டர் அதற்குள் கோமளவல்லி கையில்.

முறையாகப் படித்த வயர்மேன் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். நஸீறா சோதித்துக் கையெழுத்திட்டாள். இப்போது பேரன் சாமியறைவரை தவழ்கிறான், பின்னால் கோமளவல்லி வெறுங்காலோடு சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். குமரப்பன்? பக்கத்து வீட்டு அலவியின் ஃபேனுக்குக் கீழே நின்று, “சத்தம் சரியில்லையே” என்கிறார், புது டெஸ்டரோடு.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அதுசரி, வீட்டுக்கு வந்தவரிடம், “அந்தச் சுவிட்சை மட்டும் தொடாதீங்கோ” என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது?